ஒப்புக்குச் சேர்த்த பிள்ளைகள்

பல ஆண்டுகளுக்கு முன், ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒவ்வொரு நாளும் முதல் ஐந்து நிமிடங்களை வாய்க்கணக்குக்கு ஒதுக்கியிருந்தேன். பத்துக் கேள்விகளை நான் வாயால் சொல்வேன். பிள்ளைகள் விடையை மட்டும் நோட்டில் எழுத வேண்டும். மூன்றாம் வரிசையில் ஒரு சிறுமி இருந்தாள். கரும்பலகையில் நான் எழுதியது எதுவானாலும் ஒரு புள்ளி பிசகாமல் அவள் நோட்டில் இருக்கும். வீட்டுப்பாடம் ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் வாய்க்கணக்கில் மட்டும் பத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. ‘கவனம் தேவை’ என்று சிவப்பு மையில் எழுதி எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அரைப் பருவம் இப்படியே போயிற்று.

ஒரு மாலை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது: அவளுடைய விடைகளில் ஒன்றுகூடத் தவறில்லை. எழுதியவை அனைத்தும் சரி. மற்ற எண்களுக்கு எதிரே வெற்றிடம். கணக்கு வராத பிள்ளை எதையாவது எழுதி வைக்கும். கவனம் சிதறிய பிள்ளை தப்பாக எழுதும். இந்தப் பிள்ளை இரண்டையும் செய்யவில்லை. மறுநாள் ஒவ்வொரு கேள்வியையும் சொல்லும்போது நான் எங்கே நிற்கிறேன், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறேன் என்று குறித்து வைத்துக்கொண்டேன். அவள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்ன கேள்விகளுக்கெல்லாம் விடை இருந்தது. சன்னலோரம் நடந்தபடியோ, அடுத்த கணக்கைக் கரும்பலகையில் எழுதியபடியோ சொன்னவற்றுக்கு இல்லை. அதுவரை அவள் என் உதடுகளைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு நடந்த பரிசோதனையில் இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் பெரிதும் குறைந்திருப்பது தெரிந்தது. “கூப்பிட்டா திரும்ப மாட்டா டீச்சர், பிடிவாதம்னு நினைச்சோம்” என்று அவளுடைய தாய் என் முன்னால் அழுதார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லும் இடத்தில் இல்லை. நானும் அதையேதான் சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், அந்தச் சிறுமி எல்லா நாளும் வகுப்பில் இருந்தவள். சேர்க்கைக் கணக்கிலும் தேர்ச்சிக் கணக்கிலும் அவள் பெயர் ஒழுங்காக இருந்தது. எந்தக் கல்வி அதிகாரி வந்து பார்த்திருந்தாலும், மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கும் பொது வகுப்பிலேயே இடம் தரும் உள்ளடக்கிய கல்விக்கு அந்த வகுப்பில் ஒரு குறையும் கண்டிருக்க மாட்டார். ஆனால் நான் பேசிய பேச்சில் பாதிக்கு மேல் அவளுக்கு எட்டவில்லை.

விளையாட்டில் ஆளெண்ணிக்கையை நிரப்பவோ, அழுகிற தம்பியைச் சமாதானப்படுத்தவோ ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, அவன் ஆடியதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்குத் தமிழில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று ஒரு பெயர் உண்டு. நடக்க இயலாத ஒருவரைக் குறிக்கும் இழிசொல் அதில் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் உறுத்தல். பிள்ளைகள் வகுப்பில் அதைச் சொன்னால் திருத்தாமல் விட மாட்டேன். ஆனாலும், வகுப்பறைக்குள் இடம் கொடுத்துவிட்டுப் பாடத்துக்குள் இடம் கொடுக்காமல் விடுகிற நிலையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்தச் சொல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அரசுப் பள்ளிகளில் இன்று பெரிய சிக்கல் சேர்க்க மறுப்பதில் இருப்பதைவிட, ஒப்புக்குச் சேர்ப்பதில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். உலகம் முழுவதும் 25 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளும் இளையோரும் பள்ளிக்கு வெளியே இருப்பதாக யுனெஸ்கோ கணக்கிடுகிறது. அந்த எண்ணிக்கையைக் குறைத்து மதிப்பிட நான் முயலவில்லை. பள்ளிக்குள் வந்துவிட்டதாலேயே எந்தக் கணக்கெடுப்பிலும் அகப்படாமல் போகும் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆள் குறைவு என்பதால் அவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

இந்த வேறுபாட்டை நான் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. 1994 ஜூன் மாதத்தில் ஸ்பெயினின் சாலமங்கா நகரில் 92 அரசுகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும் கூடி, எல்லாக் குழந்தைகளையும் பொதுப் பள்ளிகளே ஏற்க வேண்டும் என்று அறிவித்தபோதே, குழந்தைக்கு ஏற்பப் பள்ளி தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற கருத்து அதன் மையத்தில் இருந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை தன் 24ஆம் பிரிவில் உள்ளடக்கிய கல்வியை உரிமையாகவே வைத்தது. அந்தப் பிரிவை விளக்கி ஐ.நா. குழு 2016இல் வெளியிட்ட பொதுக் கருத்துரை, விலக்கி வைப்பது, பிரித்து வைப்பது, வெறுமனே இணைப்பது, உள்ளடக்குவது ஆகிய நான்கையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டி, பாடத்திட்டத்திலும் கற்பிக்கும் முறையிலும் எந்த மாற்றமும் செய்யாமல் பிள்ளையைப் பொது வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பது உள்ளடக்குவதாகாது என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. அதைப் படித்த அன்று, மூன்றாம் வரிசைச் சிறுமிக்கு நான் செய்தது அந்த நான்கில் எது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

சமத்துவம் என்ற சொல்லைப் பள்ளிகளில் நாம் பெரும்பாலும் ‘எல்லாருக்கும் ஒன்றுபோல’ என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். ஒரே பாடநூல், ஒரே ஆசிரியர், ஒரே வினாத்தாள், ஒரே மூன்று மணி நேரம். இதற்குமேல் நியாயம் வேறென்ன என்று கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பதில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ நகரின் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீன வம்சாவளிப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர் மொழிக்கென்று தனி உதவி எதுவும் இல்லாமல் மற்றவர்களோடு அமர்த்தப்பட்டிருந்தார்கள். லாவ் – நிக்கோல்ஸ் வழக்கில் 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரே வசதி, ஒரே நூல், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டதாலேயே சமமாக நடத்தியதாக ஆகிவிடாது, பாடமொழியே புரியாத மாணவருக்குப் பயனுள்ள கல்வி எதுவும் கிடைக்காமல் போகிறது என்று கூறியது. சமமாகக் கொடுப்பதற்கும் சமநீதியோடு கொடுப்பதற்கும் உள்ள இடைவெளி இதுதான். என் வாய்க்கணக்கும் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. காது கேட்கிற பிள்ளைகளை மட்டும் மனத்தில் வைத்து அது ஒன்றாக இருந்தது.

அந்தச் சிறுமிக்காக நான் செய்ய வேண்டியிருந்தது என்ன என்று இப்போது எண்ணிப் பார்த்தால், அது எவ்வளவு சின்னது என்பதே வேதனையாக இருக்கிறது. முதலில் எழுதி முடிப்பது, பிறகு திரும்புவது, அதன்பின் பேசுவது. கேள்வி கேட்டுவிட்டு நடக்காமல் ஓரிடத்தில் நிற்பது. வேறொரு பிள்ளை கடைசி வரிசையிலிருந்து பதில் சொன்னால், அதை முகம் காட்டி ஒருமுறை திருப்பிச் சொல்வது. இத்தனை ஆண்டுப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கை சாக்பீசை எடுத்ததுமே வாய் தானாகப் பேசத் தொடங்கிவிடும். மாற்றிக்கொண்ட பிறகு வகுப்பில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. காது நன்றாகக் கேட்கிற பிள்ளைகளின் நோட்டுகளும் திருந்தின. நான் எழுதுவதையும் பேசுவதையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாமல் திணறியவர்கள் இன்னும் பலர் இருந்திருக்கிறார்கள். குறையைச் சொல்லத் தெரியாத வயது என்பதால் எவரும் சொன்னதில்லை. ஒரு பிள்ளைக்காகச் செய்யும் மாற்றம் வகுப்பு முழுவதற்கும் உதவுவதை அதன்பிறகு பலமுறை கண்டிருக்கிறேன். இருந்தாலும், மற்றவர்களுக்கும் பயன்படுகிறது என்பதைக் காரணமாகக் காட்டி அந்த ஒரு பிள்ளைக்காக வாதாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வேறு எவருக்கும் பயன்படாவிட்டாலும் அவளுக்கு அது உரியது.

கட்டடங்களின் கதையும் இதுவே. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளி உரிமைப் போராளி ஜூடி ஹியூமன் போலியோவால் சக்கர நாற்காலியில் நடமாடியவர். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கப் போனபோது, அவருடைய நாற்காலி தீ விபத்தின்போது இடையூறாக இருக்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வளர்ந்து ஆசிரியராக வந்தபோதும் உரிமம் மறுக்கப்பட்டது. 1970இல் வழக்குத் தொடுத்து உரிமம் பெற்று, அந்த நகரில் சக்கர நாற்காலியில் அமர்ந்து பாடம் நடத்திய முதல் ஆசிரியரானார். பத்து லட்சம் மாற்றுத்திறனுள்ள குழந்தைகள் அரசுப் பள்ளி அமைப்பிலிருந்து அடியோடு விலக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அந்த நாட்டின் நாடாளுமன்றம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதி ஒப்புக்கொண்டது. இன்று பல பள்ளிகளின் வாசலில் சாய்தளம் இருக்கிறது. நான் பணியாற்றிய ஒரு பள்ளியிலும் இருந்தது. ஆனால் அறிவியல் ஆய்வகம் மாடியில். வாரத்துக்கு இரண்டு பாடவேளை வகுப்பு முழுவதும் மாடிக்குப் போய்விடும்; சக்கர நாற்காலி மாணவன் ஒருவன் மட்டும் காலி வகுப்பில் படம் வரைந்துகொண்டிருப்பான். ஓராண்டுக்கு மேல் இது எவருக்கும் தவறாகத் தோன்றவில்லை. ‘அவனுக்கு ஓவியம் நன்றாக வரும்’ என்றுகூடப் பெருமையாகப் பேசினோம். ஆய்வகத்தையும் கீழ்த்தளத்தில் இருந்த பொருள் வைப்பறையையும் இடம் மாற்ற ஒரு சனிக்கிழமை போதுமானதாக இருந்தது. மாற்றிய பிறகு முதல் பாடவேளையில் அவன் குழாயைத் திறந்து திறந்து மூடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. குழாய் வைத்த மேசை அவனுக்குப் புதிது.

கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டுகளைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கேதான் ஆசிரியர்களாகிய நாம் அதிகம் ஏமாறுகிறோம். கனவடிவங்களின் மாதிரிகளை வீட்டில் செய்து வரும்படி ஒருமுறை சொல்லியிருந்தேன். கடையில் கொடுத்துச் செய்ததுபோல் பளபளக்கும் ஒரு பட்டகம் வந்தது. மருந்துப் பெட்டி அட்டையை வெட்டி, கோந்து கசிந்து, ஓரங்கள் சற்றே பிரிந்து நின்ற ஒரு கனசதுரமும் வந்தது. முன்னதுக்கு எட்டு மதிப்பெண்ணும் பின்னதுக்கு ஐந்தும் போட்டேன். விடை சொல்லும் நேரத்தில் அந்த ஐந்து மதிப்பெண் மாணவன்தான், கனசதுரத்தின் ஆறு முகங்களையும் ஒரே துண்டாக விரித்து வெட்ட எத்தனை வழிகளில் முயன்று பார்த்தான் என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினான். எட்டு மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குத் தன் பட்டகத்துக்கு எத்தனை விளிம்பு என்று சொல்ல வரவில்லை. அதில் அந்தப் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை. அன்றுவரை நான் பிள்ளைகளின் வீடுகளுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்: வீட்டில் தனி மேசை இருக்கிறதா, மாலையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருக்கிறாரா, பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்பதற்கெல்லாம் மதிப்பெண். அதன்பிறகு செய்முறைப் பணி எதையும் நான் வீட்டுக்கு அனுப்பியதில்லை. ஒரே அட்டை, ஒரே கோந்து, பள்ளி நேரத்துக்குள் என்பது வழக்கமாயிற்று. இங்கே ஒன்றுபோலக் கொடுப்பதே நியாயமாக அமைந்தது. சமநீதி எந்த இடத்தில் ஒரே அளவைக் கேட்கும், எந்த இடத்தில் வெவ்வேறு அளவைக் கேட்கும் என்பதைச் சூத்திரமாக எவராலும் எழுதிக் கொடுக்க முடியாது. பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

ஆசிரியரின் கவனத்தால் மட்டும் தீராத பகுதியும் உண்டு, அது பணம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ பகுதியில் இரண்டு பள்ளி மாவட்டங்கள் இருந்தன. ஏழைகள் வாழ்ந்த எட்ஜ்வுட் மக்கள் கூடுதல் விகிதத்தில் சொத்துவரி கட்டியும், மாநில நிதிக்கு மேலாக அந்த வரியிலிருந்து ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். குறைந்த விகிதத்தில் கட்டிய அலமோ ஹைட்சில் 333 டாலர். வீடுகளின் மதிப்பே காரணம். இதை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாநில அரசியலமைப்பின்கீழ் அதே மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அந்த நிதிமுறை செல்லாது என்று சொல்ல 1989 வரை ஆயிற்று. 1967-68ஆம் கல்வியாண்டுக்குரிய அந்த 26 டாலரோடு படித்த பிள்ளைகள் அதற்குள் முப்பது வயதை நெருங்கியோ கடந்தோ இருப்பார்கள். நெதர்லாந்து 1985இல் வேறு வழியில் போனது: பெற்றோரின் படிப்பு குறைவாக இருந்தால் அந்தப் பிள்ளையை நிதிக் கணக்கில் ஒன்று என்று எண்ணாமல் 1.25 என்றும், அத்தோடு புலம்பெயர்ந்த குடும்பமாகவும் இருந்தால் 1.9 என்றும் எண்ணிப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைக் கொடுத்தார்கள். அந்த எடைகளைப் பின்னர் மாற்றினார்கள் என்றாலும், பாதை கடினமாக இருக்கும் பிள்ளையின் பள்ளிக்குக் கூடுதல் கை வேண்டும் என்பதை எண்ணாகவே எழுதி வைத்த துணிவை நான் மதிக்கிறேன்.

மதிப்பெண் வாரியாகப் பிள்ளைகளைப் பிரிவு பிரிவாக உட்கார வைப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ‘மெல்லக் கற்போர்’ என்று பெயர் வைத்துத் தனி வரிசையில் உட்கார வைத்த பிள்ளை, கணக்கைக் கற்கும் முன்பே தன்னைப் பற்றிய அந்தக் கணிப்பைக் கற்றுக்கொள்கிறது. பின்லாந்து 1972இல் வடக்கே லாப்லாந்தில் தொடங்கி 1977இல் ஹெல்சிங்கியை எட்டும்வரை படிப்படியாக எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பள்ளியைக் கொண்டுவந்தது; அப்போதும் கணக்குக்கும் அயல்மொழிக்கும் தரம் பிரித்த வகுப்புகள் நீடித்தன; அவற்றையும் 1985இல் கைவிட்டார்கள். கைவிட்டதால் அந்த நாட்டின் கணக்கறிவு கெட்டுப்போய்விடவில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது சக ஆசிரியர்கள் எழுப்பும் ஆட்சேபணையை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில், வேறு துணையில்லாமல், ஒருவர் எத்தனை பேரின் முகத்தைப் பார்த்துப் பேச முடியும்? சிறப்பாசிரியர் இல்லை, பயிற்சி இல்லை, நேரமில்லை. இந்த நிலையில் ‘உள்ளடக்குங்கள்’ என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்புவது பிள்ளையையும் ஆசிரியரையும் சேர்த்துக் கைகழுவுவதாகும். இத்தாலி 1977இல் 517ஆம் எண் சட்டத்தின் வழியே தனி வகுப்புகளை ஒழித்தபோது வெறும் ஆணையோடு நிற்கவில்லை. மாற்றுத்திறனுள்ள பிள்ளை இருக்கும் வகுப்பில் மாணவர் எண்ணிக்கை இருபதைத் தாண்டக் கூடாது என்றும், துணை ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. அந்தத் துணை ஆசிரியர் ஒரு பிள்ளையின் பக்கத்தில் காவலுக்கு உட்காருபவராக இல்லாமல், வகுப்பு முழுவதற்கும் பொறுப்பான இன்னோர் ஆசிரியராகக் கருதப்படுவது எனக்குப் பிடித்த அம்சம். பிள்ளையின் பக்கத்திலேயே ஒருவரை நிரந்தரமாக ஒட்ட வைத்தால், மற்ற பிள்ளைகள் அந்தப் பெஞ்சுக்கு வருவது நின்றுவிடும். அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒரே அறையில் உட்கார வைப்பதே முடிந்த முடிவு என்று நான் சொல்வதாகவும் எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1880இல் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, சைகை மொழியை வகுப்பறையிலிருந்து அகற்றிப் பேச்சு முறையையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அந்த அவையில் இருந்தவர்களில் காதுகேளாதவர் கிட்டத்தட்ட எவரும் இல்லை. சைகையில் கற்பித்துக்கொண்டிருந்த காதுகேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பிள்ளைகள் தங்களுக்கு இயல்பான மொழியைக் கைகளுக்குள் மறைக்கப் பழகினார்கள். அந்தத் தீர்மானங்களை அதே மாநாடு மறுதலித்தது 2010இல், வான்கூவரில், 130 ஆண்டுகள் கழித்து. மற்றவர்களைப் போல் ஆக்கிவிட வேண்டும் என்ற அக்கறை எவ்வளவு பெரிய இழப்பை உண்டாக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை. சைகை மொழி பேசும் தோழர்களும் ஆசிரியரும் உள்ள வகுப்பைக் காதுகேளாத ஒரு பிள்ளை விரும்பினால், அதைக் கொடுப்பதும் உள்ளடக்குவதுதான்; ஐ.நா. உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு சைகை மொழிக் கல்வியைத் தனியே குறிப்பிடுவது அதனால்தான். என் மாணவிக்கும் உதட்டைப் படிப்பதைத் தவிர வேறு வழி எதையும் நாங்கள் காட்டவில்லை. அவள் எதை விரும்புகிறாள் என்று நான் கேட்டது பிந்தித்தான், ஆண்டின் இறுதியில். கடைசி வாரத்து வாய்க்கணக்கில் ஒன்பது விடைகள் எழுதியிருந்த அவள், பத்தாவதற்கு எதிரே, ‘சொல்லும்போது இருமினீர்கள்’ என்று எழுதி வைத்திருந்தாள். என்னிடம் இப்படி அவள் கேட்க முற்பட்டது அதுவே முதல்முறை.

புதிய கல்வியாண்டு அடுத்த வாரம் தொடங்குகிறது. பார்வை மிகக் குறைந்த ஒரு மாணவன் ஏழாம் வகுப்பில் சேர்கிறான். அவனை முதல் வரிசையில் உட்கார வைத்தால் போதும் என்று பேசி முடிக்க இருந்தோம். நேற்று அவனையே வகுப்பறைக்கு அழைத்து வந்து, உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். முதல் வரிசையின் நடுவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தவன், பலகை பளிச்சென்று மின்னுகிறது, இங்கிருந்து எழுத்து தெரியவில்லை என்றான். இரண்டாம் வரிசையில், சுவரோரமாக, தெரிகிறது. அப்போது மணி மூன்று. கணக்குப் பாடவேளை காலை பத்து மணிக்கு. நாளை அந்த நேரத்துக்கு அவனை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன், வெயில் பலகையின் எந்தப் பக்கம் விழுகிறது என்று இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.